உறைப்பும் பழமும்: வீட்டில் சோஸ் காய்ச்சினவர்கள் ஒரு சம்பவம் சொல்லிவிட்டுப் போங்கள்

கோண்டாவில் குசினி:
நய் மிரிஸ் எல்லோருக்கும் தெரியும்தானே, அந்தச் சுருங்கின மஞ்சள், சிவப்பு உருண்டை மிளகாய். அத்தான் பண்டாரவளைக்குப் போய் வரும்போது ஒரு பை நிறையக் கொண்டுவந்துவிட்டார். ஆனி மாதம், வீட்டில் கறுத்தக் கொழும்பான் மாம்பழம் கொட்டிக் கிடக்கிறது, பிறகென்ன. உள்ளி, வினாகிரி, உப்பு, கொஞ்சம் பனங்கட்டி, எல்லாவற்றையும் கிரைண்டரில் அடித்து, கட்டியாகும் வரைக்கும் நின்று காய்ச்சி எடுத்தேன். நிறம் என்றால் நிறம், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "என்ன பிள்ளை காய்ச்சுறாய்" என்றார். கரண்டியில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளங்கையில் விட்டு நக்கினார். நான் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, இரண்டு கண்ணிலும் தண்ணீர் மட்டும் ஓடுகிறது, அதைத் துடைக்கக்கூட இல்லை. ஆறுதலாக நாக்கை ஒருக்கால் சுழற்றிவிட்டுக் கேட்டார்: "உறைப்பு திறம். மாம்பழத்தை எங்கை பிள்ளை போட்டனீ?"

சட்டியில் பாதிக்கு மேல் மாம்பழம்! வீட்டில் மற்ற எல்லோரும் சூப்பர் என்றார்கள், தங்கச்சி ஒரு போத்தலைக் கொழும்புக்கே கொண்டுபோய்விட்டாள், ஆனாலும் எனக்கு அந்தக் கேள்வி போகவில்லை. இப்போதும் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பேன். வினாகிரி மணக்கிறது, உள்ளி மணக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

தட்டாதெருத் தம்பி:
அக்கா, உங்கள் சோஸ் ஒரு வாய்க்காவது போனதே. எங்கள் வீட்டில் அடுப்போடு முடிந்தது. பெரியப்பாவின் மகன் கனடாவில் இருந்து வரும்போது காய்ந்த கரோலினா ரீப்பர் ஒரு சின்னப் பக்கெற் கொண்டுவந்தான், அன்னாசிப் பழத்தோடு சேர்த்து சோஸ் செய்வதாகத் திட்டம். 2013 இல் இருந்து 2023 வரைக்கும் உலகத்திலேயே உறைப்பான மிளகாய் என்று கின்னஸில் இருந்த சாமான், உறைப்பை அளக்கிற ஸ்கோவில் கணக்கில் சராசரியே 16 லட்சத்துக்கு மேல், இங்கத்தைய ஊசி மிளகாய் எல்லாம் 1 லட்சத்துக்குள் என்று பெருமை பேசிக்கொண்டே, செத்தல் வறுக்கிற மாதிரித் தாச்சியில் போட்டு வறுக்கத் தொடங்கினான். நுளம்புக்குப் பயந்து யன்னல் எல்லாம் பூட்டு.

அப்பா சாமியறையில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு செருமல் கேட்டது. அதே வரியைத் திரும்பத் தொடங்கினார். பிறகு ஒரு இருமல். திரும்பவும் அதே வரி. மூன்றாவது முறை வரி வரவில்லை, அப்பாதான் வந்தார், கையில் கற்பூரத் தட்டோடு, முற்றத்துக்கு ஓட்டம். பின்னால் அப்பம்மா, அவவுக்குப் பின்னால் நாய். புகை என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, அதுதான் பயம். ஷெல்லடிக்குக்கூட அப்பா தேவாரத்தை இடையில் விட்டதில்லை என்று அம்மா சொல்லுவா.

அவர் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியறைக் கதவை மட்டும் இப்போது உள்பக்கமாகப் பூட்டிக்கொள்கிறார். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சுன்னாகம் மாஸ்டர்:
நானும் ஒருமுறை விளாம்பழத்தில் செய்தேன். மச்சான் பிட்டோடு குழைத்துச் சாப்பிட்டுவிட்டு "இது எந்த வருத்தத்துக்கு?" என்று கேட்டார். அதை விடுங்கள், விசயத்துக்கு வருவோம்.

தங்கச்சி, ஆச்சி கேட்டது சரியான கேள்வி. மாம்பழ வாசம் ஆவியோடு போகிற சாமான், கட்டியாகும் வரைக்கும் கொதிக்கவிட்டால் குசினிக்குத்தான் வாசம், போத்தலுக்கு இல்லை. மிளகாய், உள்ளி, உப்பு, வினாகிரி நான்கையும் முதலில் தனியாக அவித்து, நன்றாக மசித்து, வற்றவைத்து, மாம்பழத்தைக் கடைசியில் போட்டு ஒரு கொதியோடு இறக்க வேண்டும். நய் மிரிஸ் ஹபனேரோ மிளகாயின் இனம், அதற்கே ஒரு பழ வாசம் இருக்கிறது, அதுவும் நீண்ட நேரம் அவித்தால் நிற்காது. உறைப்பு கூடிப்போனால் ஆட்கள் விதையைக் கிண்டி எடுக்கிறார்கள், உறைப்பின் இருப்பிடம் விதை இல்லை, விதை ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைத் தசை. அதை வழித்து எடுத்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்புக்கு ஆகாது, சில்வர் சட்டி நல்லது. கட்டி வேண்டும் என்றால் பப்பாப்பழம் சேர்க்கலாம், மலிவு. தண்ணீர்ச் செம்போடு நின்றதும் பிரயோசனமில்லை, மிளகாயில் எரிக்கிற சாமானான கப்சைசின் தண்ணீரில் கரையாது, பாலோ தயிரோ கொடுத்திருக்க வேண்டும். அப்புறம் தம்பி, காய்ந்த ரீப்பரை வறுக்கவே கூடாது, வினாகிரியில் ஊறப்போட்டு அரைக்க வேண்டும், யன்னலைத் திறந்து, கையுறை போட்டு, கண்ணாடி போட்டு

மட்டுவில் மச்சாள்:
மாஸ்டர், வசனத்தையாவது முடியுங்கள். கேட்டது சம்பவம், நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள், சரி, எடுத்தால் முழுதாக எடுக்க வேண்டாமா? மாம்பழத்தைக் கடைசியில் போட்டு ஒரு கொதியோடு இறக்கினால் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கெதியாக முடிக்க வேண்டும், மேசையில் மாதக்கணக்கில் வைக்கிற சோஸ் இல்லை அது. கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். பப்பாப்பழத்தில் புளிப்பே இல்லை, பி.எச். என்கிற புளிப்புக் கணக்கு (குறையக் குறையப் புளிப்பு கூட) 5 க்கு மேல் நிற்கும், போத்தலில் அடைக்கிற சாமான் 4.6 க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் பொட்டுலிசம் என்கிற நச்சு வருத்தம் வரைக்கும் போகலாம். மலிவு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறீர்கள்.

இனி என் சம்பவம். நான் காய்ச்சுவதில்லை, புளிக்கவைப்பேன். அன்னாசியும் சிவந்த ஊசி மிளகாயும், நிறைக்கு 100 க்கு 3 உப்பு, போத்தலில் போட்டு மூடியை இறுக்காமல் அலுமாரியில் வைத்திருந்தேன், காற்று போக வேண்டும் என்பதற்காக. மாமா எறும்பு வரும் என்று இறுக்கி மூடிவிட்டார், எனக்குத் தெரியாது. மச்சாளின் கலியாணத்துக்கு நாள் வைக்கச் சம்பந்தி வீட்டார் வந்த அன்று, மாமி அதை மாம்பழக் கோடியல் என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய், விறாந்தையில் எல்லோருக்கும் முன்னால் திறந்தா.

சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் நுரை கூரை வரைக்கும் போனது. சம்பந்தி ஐயாவின் பட்டு வேட்டியில், சால்வையில், கன்னத்தில். யாரும் மூச்சு விடவில்லை. அவர் கன்னத்தில் இருந்ததை ஒரு விரலால் வழித்து, வாயில் வைத்து, "இது நல்லா இருக்கே" என்றார். சொல்லிவிட்டு அதே விரலால் கண்ணைக் கசக்கினார்.

கலியாணம் நடந்தது, பேரப்பிள்ளையும் இருக்கிறது. ஆனால் அந்த "நல்லா இருக்கே" உண்மையா, சபை நாகரிகமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கொண்டாட்டங்களில் அவரைக் கண்டால் கேட்க வாய் வரும், மாமி முறைப்பா.

சுன்னாகம் மாஸ்டர்:
பப்பாப்பழத்துக்கு வினாகிரி சேர்க்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்க வேண்டியது. மற்றது, உப்பு 100 க்கு 2 போதும்.

மட்டுவில் மச்சாள்:
உங்கள் குசினியில் 2, என் குசினியில் 3. இங்கே வெயில் கூட.

புன்னாலைக்கட்டுவன் தோட்டம்:
நான் மிளகாய்த் தோட்டக்காரன், எம்.ஐ. 2 இன மிளகாய் நட்டு எடுத்தவன், கை எரிவு எனக்குப் புதிதில்லை. ஆனால் கிணற்றடியில் நிற்கும் நய் மிரிஸ் கன்று வேறு கணக்கு. ஒரு கடகம் பறித்து, வெட்டி, மகள் யூடியூப் பார்த்து கொடிமுந்திரிகைப் பழத்தோடு ஏதோ சோஸ் செய்தாள், ருசி பரவாயில்லை. அதைச் சொல்ல வரவில்லை.

வெட்டின பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், சாம்பல் தேய்த்தேன், தேசிக்காய் தேய்த்தேன், ஒன்றுக்கும் அடங்கவில்லை. திண்ணையில் இருந்து இரண்டு கையையும் தயிர்ச் சட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கொண்டைக்குருவி வந்து அதே கன்றில் இருந்தது. நல்லாய்ப் பழுத்த பழம் ஒன்றைப் பார்த்துக் கொத்தி, அண்ணாந்து துண்டு துண்டாக விழுங்கியது. சொண்டைக் கொப்பில் இந்தப் பக்கம் ஒருக்கால், அந்தப் பக்கம் ஒருக்கால் தேய்த்தது. பிறகு அடுத்த பழம். கை எரிய எரிய நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அது என்னைக் கணக்கெடுக்கவே இல்லை.

மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். எங்கள் நரம்பில் சூட்டை உணரும் ஒரு வாங்கி இருக்கிறதாம், மிளகாய் அதைப் போய்த் தட்டுவதால்தான் நெருப்பு என்று மூளை நம்புகிறதாம், அதைக் கண்டுபிடித்தவருக்கு 2021 இல் நோபல் பரிசு கொடுத்தார்களாம். பறவைக்கும் அந்த வாங்கி உண்டு, ஆனால் மிளகாய் அதைத் தட்டாது. விதையைச் சேதமில்லாமல் வெளியே போட்டு ஊரெல்லாம் பரப்ப வேண்டியது பறவையின் வேலை, அதனால் அதற்கு விருந்து, கடித்து அரைத்து நாசமாக்கும் எங்களுக்கு எரிவு. சரி, விளங்குகிறது. ஆனால் உரமும் தண்ணீரும் நான், விருந்து அதற்கு என்பதை யோசித்தால் இன்னும் கொஞ்சம் வயிறு எரிகிறது.

தட்டாதெருத் தம்பி:
அண்ணை, கன்றுக்கு வலை போடுங்கோ.

புன்னாலைக்கட்டுவன் தோட்டம்:
போட மாட்டேன்.

கல்வியங்காட்டான்:
என்னுடையது சின்னக் கதை. அம்பலவி மாம்பழமும் நய் மிரிஸும், மாஸ்டர் சொன்ன மாதிரிப் பழத்தைக் கடைசியில் போட்ட சோஸ், ஒரு போத்தல் காற்சட்டைப் பையில். கொத்துரொட்டிக் கடையில் என் கொத்துக்கு மேலே விட்டுக்கொண்டிருக்கும்போது கொத்துப் போடுகிறவர் தட்டுகிற கைவேகம் குறையாமல் "அது என்ன தம்பி" என்று கேட்டார். தட்டகப்பை நுனியில் ஒரு சொட்டு விட்டேன். நாக்கில் வைத்தார்.

தட்டுவது நின்றது. கடைக்குள் இருந்த அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அந்தச் சத்தம் நின்றால் அப்படித்தான். அவர் கல்லைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார், மூக்கை ஒருக்கால் இழுத்தார், "மாம்பழம்" என்றார். பிறகு என்னைக் கேட்காமலே போத்தலை எடுத்து, கல்லில் கிடந்த மற்றவருடைய முட்டைக் கொத்தில் விட்டுத் தட்டத் தொடங்கினார். அந்தக் கொத்து யாருக்குப் போனது, என்ன ஆனார் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். போத்தல் இன்னும் அங்கேதான். போய்க் கேட்கலாமா?

மட்டுவில் மச்சாள்:
கேளும். மாம்பழம் இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டார், அதுவே பெரிது.

சுன்னாகம் மாஸ்டர்:
கேட்பதற்கு முதல் ஒரு விசயம். அது கடையில், கல்லுக்குப் பக்கத்தில், வெக்கையில் இருக்கிறது. காய்ச்சின திகதி போத்தலில் ஒட்டினீரா? மூடி பிளாஸ்டிக்கா, தகரமா?