டயஸ்டோல்: ‘விரிவு’ போதாது, ‘கொள்கட்டம்’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும் கட்டம் சிஸ்டோல், தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளும் கட்டம் டயஸ்டோல். இவற்றின் தமிழ்ச் சொற்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> சிஸ்டோல் சுருக்கம், டயஸ்டோல் விரிவு. பள்ளியிலிருந்தே பழகிய சொற்கள். மாற்றுவானேன்?

சுருக்கத்தில் எனக்கு வழக்கு இல்லை ஐயா. விரிவுதான் இடிக்கிறது. மருத்துவர் “இதயம் விரிஞ்சிருக்கு” என்று சொன்னால் அது நோய். கீழறை எப்போதும் பெரிதாகவே இருந்து, சுவர் வலுவிழந்துபோன நிலை. ஒவ்வொரு துடிப்பிலும் இயல்பாக நடக்கும் ஒன்றுக்கும், ஆயுள் முழுக்க மாத்திரை கேட்கும் ஒரு நோய்க்கும் ஒரே சொல் இருந்தால், எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைத் தமிழில் எழுதப் புகுந்த முதல் நாளே மாட்டிக்கொள்வோம்.

> அப்படியானால் தளர்வு அல்லது ஓய்வு எனலாமே?

தளர்வு பரவாயில்லை. தசை இழை அளவில் அது சரியான சொல்தான், அதை அங்கேயே வைத்துக்கொள்வோம். ஓய்வு மட்டும் தயவுசெய்து வேண்டாம். இதயத்தசை சுருங்குவதற்குக் கால்சியம் தேவை. சுருங்கி முடித்ததும் அந்தக் கால்சியத்தைத் திரும்பத் தசைச் செல்லுக்குள் இருக்கும் சேமிப்பறைக்குள் ஏற்றினால்தான் இழைகள் பிடியை விடும். அந்த ஏற்றத்துக்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி செலவாகிறது. இறந்தபின் உடல் விறைப்பது ஏன்? பிடியை விடுவிக்க ஏடிபி இல்லை, அதனால்தான். இதயத்தசைக்கு இரத்தவரத்து குறையும்போதும் முதலில் கெடுவது தளர்வுதான், சுருக்கம் அதற்கப்புறம்தான் கெடுகிறது. இவ்வளவு வேலை நடக்கும் நேரத்தை ஓய்வு என்று எப்படிச் சொல்வது?

வில்லியம் ஹார்வி 1628இல் தன் நூலை வெளியிடும் வரை, விரிந்து இரத்தத்தை இழுப்பதுதான் இதயத்தின் உண்மையான செயல் என்று பலரும் நினைத்திருந்தார்கள். சுருங்கித் தள்ளுவதே அதன் செயல் என்று அவர் காட்டினார். அந்தத் திருத்தம் சரியானது. ஆனால் அதைக் கொண்டு டயஸ்டோலைச் சும்மா கிடக்கும் நேரமாக எண்ணிவிடக் கூடாது.

நேரக் கணக்கையும் பாருங்கள். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுழற்சி 0.8 வினாடி. அதில் கீழறைகள் சுருங்குவது ஏறக்குறைய 0.3 வினாடி, மீதி 0.5 வினாடியும் டயஸ்டோல். துடிப்பு 150 ஆனால் சுழற்சி 0.4 வினாடியாகச் சுருங்கும். அப்போது வெட்டு அதிகம் விழுவது டயஸ்டோலில்தான். இடது கீழறையின் தசைக்குத் தேவையான இரத்தம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கரோனரி தமனிகள் வழியே வருகிறது. சுருங்கும்போது தசையே தன் குழாய்களை நெரித்துவிடுகிறது. ஆக, இதயம் உடலுக்காக இரத்தம் வாங்கிக்கொள்வதும் தனக்காக வாங்கிக்கொள்வதும் இந்த ஒரே கட்டத்தில்.

அதனால்தான் ‘கொள்கட்டம்’ என்று முன்வைக்கிறேன். கொள்கலன், கொள்ளளவு, கொள்முதல் எல்லாம் நமக்குப் பழகியவை. வினைத்தொகை என்பதால் ‘க்’ மிகாது. இணையாகச் சிஸ்டோலுக்கு ‘உந்துகட்டம்’ வைத்தால் ஜோடி பொருந்தும். சுருக்கம், தளர்வு தசை செய்வதைச் சொல்லட்டும். உந்துகட்டம், கொள்கட்டம் அறை செய்வதைச் சொல்லட்டும்.

> இதயத்தின் ‘லப்-டப்’பில் இரண்டாம் ஒலிக்குப் பிறகு சிறிது நேரம் நான்கு வால்வுகளும் மூடியே இருக்கும். கீழறை தளர்கிறது, ஆனால் ஒரு சொட்டும் உள்ளே வராது. அதையும் கொள்கட்டம் என்பீர்களா?

நல்ல கேள்வி அம்மா. இந்த மடலாடலிலேயே கனமான ஆட்சேபம் இதுதான். ஆனால் இதே சிக்கல் மறுபக்கமும் உண்டு. முதல் ஒலிக்குப் பின், மகாதமனி வால்வு திறக்கும் வரை கீழறை இறுகுகிறதே தவிர எதையும் தள்ளுவதில்லை. இந்த இரண்டு சிறு இடைவெளிகளையும் ‘மூடிய சுருக்கம்’, ‘மூடிய தளர்வு’ என்று தனியே குறிக்கலாம். ஒன்று உந்துகட்டத்தின் தொடக்கம், மற்றது கொள்கட்டத்தின் தொடக்கம். ‘விரிவு’ என்று வைத்தாலும் அந்த நொடியில் அறை விரிவதில்லை, ஆகவே இந்தக் குறை அதற்கும் பொதுதான்.

இப்போது எக்கோ அறிக்கைக்கு வருகிறேன். அறுபது தாண்டியவர்களுடைய அறிக்கைகளில் ‘டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், கிரேடு 1’ என்ற வரியை அடிக்கடி பார்க்கிறோம். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஈரிதழ் வால்வு வழியே வரும் இரத்தத்தை, எக்கோவில் இரத்தத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் முறை இரண்டு மேடுகளாகக் காட்டும். முதல் மேடு ஈ அலை: வால்வு திறந்ததும் தானாகப் பாய்ந்து வருவது. இரண்டாவது ஏ அலை: கடைசியில் மேலறை சுருங்கித் தள்ளிவிடுவது. இளம் வயதில் ஈ உயரம், ஏ குட்டை. தளர்வு மந்தமானால் ஈ குட்டையாகும், மேலறை கூடுதலாக உழைப்பதால் ஏ உயரும். கிரேடு 1 பெரும்பாலும் இவ்வளவுதான். இதை ‘விரிவுச் செயலிழப்பு’ என்று மொழிபெயர்த்து ஒரு பெரியவர் கையில் கொடுத்தால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் இருக்காது. ‘கொள்கட்டக் குறைபாடு, முதல் படி’ என்றால் எது குறைகிறது, எவ்வளவு என்பது புரியும்.

முற்றிய நிலைக்கும் இந்தச் சொல் உதவும். இதயத் திறன் குறைந்தவர்களில் (ஹார்ட் ஃபெயிலியர்) ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தள்ளும் விகிதம், அதாவது கீழறையில் உள்ள இரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு, நன்றாகவே இருக்கிறது. கீழறை விறைத்துப்போய்க் கொள்ள மறுப்பதால்தான் அவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. நீண்டநாள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதற்கு முக்கியக் காரணங்கள். ‘பம்ப் நல்லா இருக்குன்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் மூச்சு வாங்குது?’ என்று கேட்பவருக்கு, உந்துகட்டம் சரி, கொள்கட்டம் சரியில்லை என்று ஒரே வரியில் சொல்லலாம்.

இரத்த அழுத்தத்துக்கு மட்டும் இச்சொற்களைக் கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. 120/80இல் உள்ள 80 கீழறைக்குள் இருக்கும் அழுத்தம் இல்லை, தமனியில் இருப்பது. கொள்கட்டத்தில் கீழறையின் அழுத்தம் அதைவிட மிகக் குறைவு. மக்கள் ‘மேல 120, கீழ 80’ என்றுதான் சொல்கிறார்கள். மேலழுத்தம், கீழழுத்தம் என்றே எழுதுவோம்.

மின்னியலில் ‘கொள்திறன்’ ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குவதால் அதைத் தவிர்த்திருக்கிறேன். ஈ, ஏ அலைகளுக்குப் ‘பாய்வலை’, ‘தள்ளலை’ சரிவருமா? எக்கோ எடுக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்.