நின்ற ஆர்எக்ஸ் 100 புகை கக்குகிறது: ஆயில் பம்பைக் கழற்றிவிடலாமா?

தங்கச்சிமடம்_ஆர்எக்ஸ்:
அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி 1993 யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், எஞ்சினுக்கு 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலைத் தனியாக் கொடுக்கிற ஆயில் பம்போடதான் ஓடுது. நாலஞ்சு நாள் நிறுத்திட்டுக் கிக்கரை மிதிச்சா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரே வெள்ளைப் புகை. அப்புறம் சரியாயிடுது. ஓடாம நிக்கும்போதே 2டி டேங்க் விரல் அளவு இறங்குது. கியர் ஆயிலை இறக்கி அளந்தேன், ஊத்துன அளவு அப்படியே இருக்கு. பம்பைக் கழட்டிட்டு பெட்ரோல்ல கலந்து ஓட்டுங்கன்னு மெக்கானிக் சொல்றார். தினமும் பாம்பன் பாலம் தாண்டி மண்டபம் போய்வர்ற வண்டி. ஊத்துறது போட் எஞ்சினுக்கு வாங்குற 2டி ஆயில். என்ன செய்யலாம்?

கீழக்கரை_டூஸ்ட்ரோக்:
தம்பி, கியர் ஆயிலை அளந்து சொன்னதே பாதி வேலையை முடிச்சிருச்சு. பம்பு ஷாஃப்ட் சீல் போயிருந்தா 2டி ஆயில் கியர்பாக்ஸுக்குள்ள இறங்கும். அங்க மட்டம் ஏறும், புகை வராது. கிளட்ச் பக்க கிராங்க் சீல் போயிருந்தா கியர் ஆயில் குறையும், வண்டி சூடானாலும் புகை நிக்காது. உங்களுக்கு ரெண்டும் இல்லை. டெலிவரி வழியில இருக்கிற பந்து வால்வுதான் கசியுது. டேங்க் மேல, எஞ்சின் கீழ. அந்த உயரத்து ஆயில் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது ஒரு சின்ன ஸ்பிரிங். அது தளர்ந்தாலோ, பந்து உக்கார்ற இடத்துல ஒரு மணல் துகள் ஒட்டினாலோ ஆயில் சொட்டுச் சொட்டா கிராங்க்கேஸ்ல (பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற அறை) தேங்கும்.

உறுதிப்படுத்த, டெலிவரி குழாயை கார்பரேட்டர் முனையில கழட்டி ஒரு சுத்தமான பாட்டிலுக்குள்ள தொங்கவிட்டு ராத்திரி முழுக்க விடுங்க. வால்வு அந்த முனையிலேயே இருக்கிற வண்டின்னா வால்வோட சேர்த்துத் தொங்கவிடணும். காலையில பாட்டில்ல ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது.

பம்பை மட்டும் கழட்டாதீங்க. பம்பு கிராங்க் சுத்துற வேகத்துக்கும் த்ராட்டில் திறப்புக்கும் சேர்த்து ஆயில் கொடுக்குது. பாலத்து உச்சியில இருந்து த்ராட்டிலை மூடிக்கிட்டு இறங்கும்போது, கலந்து ஓட்டுற வண்டியில பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும், எஞ்சின் மட்டும் வேகமா சுத்தும். பம்பு இருந்தா அப்பவும் குறைஞ்ச ஸ்ட்ரோக்ல (பம்பு ஒரு தடவைக்குத் தள்ளுற அளவு) ஆயில் வந்துக்கிட்டே இருக்கும்.

தொண்டி_ஒர்க்‌ஷாப்:
வேலை செய்யுற முறை:

முதல்ல பெட்ரோல்ல லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயில் கலந்துக்கங்க (50:1). பம்பு வேலை முடிஞ்சு முதல் ஒரு டேங்க் பெட்ரோல் முழுக்க இப்படித்தான் ஓட்டணும். குழாய்ல காத்து இருந்தா பிஸ்டனைக் காப்பாத்துறது இது ஒண்ணுதான்.

பம்பு மூடி ஸ்க்ரூ நம்ம பக்கத்து உப்புக் காத்துல அலுமினியத்தோட ஒட்டிப்போயிருக்கும். துரு நீக்கி ஊத்தி ஒரு ராத்திரி விட்டு, இம்பாக்ட் டிரைவர்ல ஒரு தட்டு. சாதா ஸ்க்ரூ டிரைவர்ல முறுக்கினா தலை வழுக்கிடும்.

2டி டேங்கைக் காலி பண்ணி, அடியில தண்ணி நிக்குதான்னு பாருங்க. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வெளியில நிக்கிற வண்டியில மூடி ரப்பர் வெடிச்சிருந்தா உள்ள தண்ணி இறங்கி வால்வுப் பந்துல துருப்புள்ளி விழும். பந்து, ஸ்பிரிங் ரெண்டையும் புதுசாப் போடுங்க. பழைய ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுற வழக்கம் இருக்கு. கொஞ்ச நாள்ல பழையபடி கசியும். விறைச்ச குழாய், கிளிப், போல்ட்டு வாஷர் எல்லாமே புதுசு.

காத்து எடுக்க, 2டி டேங்கை நிரப்பி பம்போட பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்துங்க. குமிழி நின்னு வெறும் ஆயில் வந்ததும் முறுக்கிடுங்க. அடுத்து எஞ்சினை 2000 ஆர்பிஎம் அளவுல வச்சு, பம்பு கேபிளை மட்டும் கையால முழுசா இழுத்துப் பிடிச்சு ரெண்டு நிமிஷம். டெலிவரி குழாய்ல குமிழி நகர்றது கண்ணுக்கே தெரியும். புகை கூடும், பயப்படாதீங்க. ராஜ்தூத் 350 பம்புல வெள்ளை பிளாஸ்டிக் சக்கரம் இருக்கும். அதைக் கையால சுத்தியும் ஆயிலை ஏத்தலாம்.

கடைசியா, ஐட்லிங்ல பம்புத் தட்டு முழுசா வெளிய வர்ற நேரத்துல ஃபீலர் கேஜால (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) இடைவெளி பாருங்க: 0.20-0.25 மி.மீ. அதுக்குக் குறைஞ்சா தட்டுக்கு அடியில ஒரு ஷிம் (மெல்லிய வாஷர்) கூட்டணும்.

தங்கச்சிமடம்_ஆர்எக்ஸ்:
ராத்திரி பாட்டில் வச்சுப் பார்த்தேன் அண்ணே, அடியில நல்லாவே தேங்கியிருந்துச்சு. வால்வுதான். கேபிள் எந்த அளவுக்கு வைக்கணும்?

கீழக்கரை_டூஸ்ட்ரோக்:
த்ராட்டிலை மெல்லத் திருப்பி, கேபிள் ப்ளே (தளர்வு) முடிஞ்சு கார்பரேட்டர் ஸ்லைடு தூக்க ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்துங்க. அங்க பம்புப் புல்லியில இருக்கிற குறி, பின்னுக்கு நேரா நிக்கணும். கார்பரேட்டர் கேபிளை முதல்ல சரிபண்ணிட்டுத்தான் பம்புக் கேபிள். மாத்திச் செஞ்சா திரும்பவும் செய்யணும்.

உப்புல இந்தக் கேபிளோட உள் இழை ஒண்ணொண்ணா அறும். முழுசா அறுந்தா புல்லி குறைஞ்ச ஸ்ட்ரோக்குக்குத் திரும்பிடும், வண்டி எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். கச்சான் காத்து எதிர்க்க அடிக்கிற நாள்ல பாலத்துல முழு த்ராட்டில் கொடுக்கும்போதுதான் பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிப் பிடிக்கும். மாசம் ஒருதடவை மூடியைக் கழட்டிக் கேபிள் முனையைப் பாருங்க. ஒரு இழை பிரிஞ்சிருந்தாலும் மாத்திடுங்க.

தேவிபட்டினம்_2டி:
ஆயிலைப் பத்தி யாரும் சொல்லலை. போட் எஞ்சின் ஆயில் டிசி-டபிள்யூ3 ரகம். தண்ணியில குளிர்ற எஞ்சினுக்குச் சாம்பல் இல்லாம செஞ்சது. காத்துல குளிர்ற ஆர்எக்ஸ் அதைவிடச் சூடாகும். அந்தச் சூட்டுக்கு அது தாங்காது, பிஸ்டன் ரிங் ஒட்டிக்கும். பைக்குக்கு ஜாஸோ (ஜப்பான் தர அளவு) எஃப்சி அல்லது எஃப்டி முத்திரை உள்ளதை வாங்குங்க. டேங்க் காலியா இருக்கிற இப்பவே குழாயோட சேர்த்துக் கழுவிட்டு மாத்துறது நல்லது.

அப்புறம், தேங்கின ஆயிலோட உடனே மிதிக்காதீங்க. பிளக்கைக் கழட்டி, பெட்ரோலை மூடி, பத்துப் பன்னிரண்டு தடவை கிக்கரை மிதிச்சு ஆயிலை வெளிய தள்ளிட்டு, பிளக்கைத் துடைச்சுப் போடுங்க. சைலன்சருக்குள்ள இருக்கிற தடுப்புக் குழாயையும் இழுத்துப் பாருங்க. இத்தனை நாள் குடிச்ச ஆயில் அதுலதான் கரியா அப்பியிருக்கும்.