உப்பு கூடினால்

குழு: அம்மாச்சி வீடு
சனிக்கிழமை

பெரியப்பா (காலை 6:10): சகலை போய் இன்றோடு மூன்று மாதம். மனசைத் தேற்றிக்கொள் அம்மா. தாங்குகிறவர்களுக்குத்தான் ஆண்டவன் சோதனை கொடுப்பான். நடப்பதெல்லாம் நன்மைக்கே.

சித்தி (6:32): சரிங்க அத்தான்.

அண்ணன் வார்சா (பகல் 1:05): [படம்]

அக்கா: என்னடா இது, பழைய பால் கேனா?

அண்ணன் வார்சா: ஆமாம் அக்கா. இங்கே யூத வரலாற்று நிறுவனத்தில் போன வாரம் பார்த்தேன். உள்பக்கமெல்லாம் துரு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வார்சா கெட்டோவில், அதாவது நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியில், அடைபட்டிருந்தவர்கள், தங்களுக்கு நடந்ததை எழுதி இந்த மாதிரி கேன்களிலும் தகரப் பெட்டிகளிலும் போட்டு மண்ணில் புதைத்தார்கள். பெட்டிகள் 1946இல் கிடைத்தன, இரண்டு பால் கேன்கள் 1950இல். ஒரு ரெப்பே, அதாவது அவர்களுடைய குரு, எழுதிய உரைகளும் அப்படிப் பிழைத்து வந்தவைதான். பெயர் காலோனிமுஸ் கால்மன் ஷபிரா.

அக்கா: என்ன உரைகள்?

அண்ணன் வார்சா: யூதர்கள் தங்கள் வேதமான தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து ஒரு வருடத்தில் வாசித்து முடிப்பார்கள். ரெப்பே அந்தந்த வாரப் பகுதியை எடுத்து ஓய்வுநாளில் பேசுவார். அன்று எழுதக் கூடாது, அதனால் பிறகு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதி வைப்பார். 1939 செப்டம்பரில் தொடங்கி 1942 ஜூலை வரை.

அண்ணன் வார்சா: சித்தி, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். 1939 செப்டம்பரில் ஜெர்மானியர் வார்சாவில் குண்டு வீசியபோது ரெப்பேயின் ஒரே மகன் காயம்பட்டு சில நாளில் இறந்துபோனான். மருத்துவமனை வாசலில் காத்திருந்த மருமகளும் கொல்லப்பட்டாள். சில வாரத்தில் அம்மாவும் போய்விட்டார். அந்த நவம்பரில் வந்த பகுதி, சாராளின் மரணம்.

அக்கா: ஆபிரகாமின் மனைவி சாராளா?

அண்ணன் வார்சா: அவளேதான். முந்தின அதிகாரத்தில் ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலிகொடுக்கப் போகிறார். அடுத்ததில் சாராள் இறக்கிறாள். அந்தச் செய்தி கேட்டே உயிர் போனது என்பது பழைய விளக்கம். ரெப்பே அங்கேதான் நிற்கிறார். யூதர்களின் பழைய விளக்க நூலான தல்மூதில் உப்பையும் துன்பத்தையும் சேர்த்துச் சொல்லும் ஓர் இடம் உண்டு. உப்பு இறைச்சிக்குச் சுவை, ஆனால் கூடிப்போனால் வாயில் வைக்க முடியாது. துன்பமும் அப்படித்தான், ஆள் தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு என்கிறார். அளவு மீறினால் சாராளே தாங்கவில்லை, அதைக் கடவுளுக்குக் காட்டத்தான் தோராவை எழுதிய மோசே ஈசாக்கின் கதையையும் சாராளின் மரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் என்கிறார்.

பெரியப்பா: கடவுளிடமே முறையிட்டாரா?

அண்ணன் வார்சா: ஆமாம் பெரியப்பா, நம்பிக்கையை விடாமலேயே. இன்னொன்றும் செய்தார், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. 1941இல் ஹனுக்கா என்ற யூதர்களின் விளக்குத் திருவிழாவின்போது, இப்படிப்பட்ட துன்பங்கள் நம் மக்களுக்கு முன்பும் வந்தவைதான் என்று பேசியிருந்தார். 1942 கோடையில் நாஜிகள் கெட்டோவிலிருந்து 2.5 லட்சம் பேருக்கு மேல் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்த நவம்பரில் பழைய தாளை எடுத்து அதன் கீழே எழுதினார்: 1942 நடுப்பகுதி வரைக்கும்தான் அது பொருந்தும், இப்போது நடப்பது இதற்கு முன் நடந்ததே இல்லை என்று. தான் சொன்ன ஆறுதலைத் தானே திருத்தினார். 1943இல் அவரையும் கொன்றுவிட்டார்கள்.

(வெகுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.)

சித்தி (2:40): தம்பி, இரண்டு முறை படித்தேன். மூன்று மாதமாக நான் சமைப்பதில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரிவதில்லை. உன் சித்தப்பாதான் ரசத்தை உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்து, இன்னும் ஒரு கல் போடு என்பார்.

சித்தி: என்னால் தாங்க முடியவில்லை அத்தான். அதைச் சொன்னால் சாமியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து, எல்லாருக்கும் சரி சரி என்று போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா: சித்தி, நான் இன்று ராத்திரி உங்களோடு வந்து படுத்துக்கொள்கிறேன்.

(பெரியப்பாவின் காலை 6:10 செய்தி நீக்கப்பட்டது)

பெரியப்பா: காலையில் போட்டதை எடுத்துவிட்டேன் அம்மா. அதை உனக்குச் சொல்லியிருக்கக் கூடாது. சாயந்திரம் உன் அக்காவும் நானும் வருகிறோம். நீ எதுவும் செய்யாதே, ரசம் அவள் வைத்துக்கொண்டு வருவாள்.

சித்தி: வாங்க அத்தான். ரசம் நானே வைக்கிறேன். உப்பு மட்டும் அக்கா பார்த்துச் சொல்லட்டும்.