புதுப்பிப்பு: எக்செலில் வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆன சிக்கல் தீர்ந்தது

முன்பு இங்கே கேட்ட என் கேள்விக்கு யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிக்கல் இதுதான்: மண்டபம் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றின் தடைக்கால நிவாரணப் பட்டியல், சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு). எக்செலில் திறந்தால் 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆனது. ஓர் எண்ணில் எக்செல் 15 இலக்கம்தான் தாங்கும்.

திறந்தபின் செல்லை டெக்ஸ்ட் ஆக்குவது வீண். போன இலக்கம் போனதுதான். பலித்தது 'டேட்டா – ஃப்ரம் டெக்ஸ்ட்' வழி: 65001 யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்வு செய்து (பெயர்களும் தமிழிலேயே வந்தன), டிரான்ஸ்ஃபார்ம் பொத்தானை அழுத்தினால் வரும் திரையில் கணக்கு எண் பத்தியை டெக்ஸ்ட் ஆக்கி, 'ரீப்ளேஸ் கரண்ட்' கொடுக்க வேண்டும். 'ஆட் நியூ ஸ்டெப்' கொடுத்தால், எக்செல் தானாகவே முதலில் எண்ணாக மாற்றிவிடுவதால், முன்னால் உள்ள பூஜ்யங்கள் அதற்குள் உதிர்ந்திருக்கும்.

எதிர்பாராதது: டெக்ஸ்ட் ஆக்கியும் கவுண்ட்இஃப் (ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என எண்ணும் சூத்திரம்) அவற்றை எண்ணாகவே பார்த்து, முதல் 15 இலக்கம் ஒத்த வேறுவேறு கணக்குகளை இரட்டைப் பதிவு என்றது. சம்புராடக்ட் என்ற சூத்திரத்தில் நேரடியாக = போட்டு ஒப்பிட்டதும் சரியானது.