தாத்தாவோட டபுள் பெரல் துவக்கும் ஒடஞ்ச ஸ்ட்ரைக்கரும்

எங்க வீடு ஹப்புத்தளை பக்கம் தோட்டத்துல, தாத்தா கணக்கப்பிள்ளையா இருந்தவரு. 1975ல கம்பெனித் தோட்டங்கள அரசாங்கம் எடுத்தப்ப ஊருக்குப் போன தொரை தன்னோட ரெட்டைக் குழல் 12 போர் துவக்க முறையா தாத்தா பேருக்கு மாத்திக் குடுத்துட்டுப் போனாராம். இப்ப லைசன் என் பேருல, வருசா வருசம் புதுப்பிக்கிறோம். காட்டுப்பன்னி கெழங்குப் பாத்திய கெளறுற ராத்திரி ஒரு வெடி போட்டு வெரட்டத்தான், வேற ஒன்னுக்கும் எடுக்கிறதில்ல.

போன வருசம் ஒரு ராத்திரி வலது பெரல் வெடிக்கல, டிக்குன்னு சத்தம் மட்டும். துவக்கு வாய வேற பக்கம் திருப்பாம அரை நிமிசம் பொறுத்துத்தான் தொறந்தேன், பாத்தா தோட்டா அடியில அடி வாங்கி வெடிக்கிற கேப்புல லேசா ஒரு கீறல்தான். அந்தக் கேப்ப அடிக்கிற ஊசி, ஸ்ட்ரைக்கர்னு சொல்றது, அதோட நுனி ஒடஞ்சிருக்கு. தொடைச்சி வைக்கிறப்பல்லாம் வெறும் துவக்குல டிரிகர இழுத்துப் பாக்குற பழக்கம் எனக்கு, அதுதான் காரணம், என் தப்பு.

பெரலுக்கு மேல வெட்டியிருந்த பேர வச்சிக்கிட்டு ரெண்டு மாசம் வெளிநாட்டுக்கெல்லாம் எழுதி பார்ட்ஸ் தேடினேன், ஒருத்தருக்கும் தெரியல. கடைசியில கண்டிப் பக்கம் லைசன் உள்ள ஒரு பழைய துவக்கு மெக்கானிக் ஐயாவ புடிச்சேன், பொலிஸ்ல சொல்லிட்டு லைசன் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டுப் போனேன். அவரு பேர பாக்கவே இல்ல. "தம்பி, அது வித்த கடைக்காரன் பேரு, செஞ்சவன் பேரா இருக்கணும்னு இல்ல. பெரல கழட்டி கவுத்து வை"ன்னாரு. அடியில ஒரே அழுக்கு, நான் உப்புத்தாள் போடவான்னு கேட்டதுக்கு கோவமே வந்திருச்சி அவருக்கு, தேச்சா முத்திரை போயிரும். மண்ணெண்ணெயில பழைய டூத் பிரஷ்ஷ தொட்டு மெதுவா தேச்சி, டோர்ச்ச சாய்ச்சிப் புடிச்சா அப்பிடியே தெரிஞ்சிச்சு, கிரீடம், அதுக்குக் கீழ பீ பீ (BP), பீ வீ (BV), என் பீ (NP). இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல துவக்க சோதிக்கிற சாலையோட முத்திரை, 1904லருந்து 1954 வரைக்கும் அடிச்சது, அதுக்குப் பிறகுன்னா பீ என் பீன்னு (BNP) சேர்ந்து இருக்குமாம். என் பீ இருந்தா இப்ப உள்ள புகையில்லா மருந்துக்கும் சோதிச்சிருக்குன்னு அர்த்தம். அந்த என் பீ மாதிரி நைட்ரோ முத்திரையே இல்லாத பழசுன்னா அது கரிமருந்துக்கு உள்ளது, தயவுசெஞ்சி புதுத் தோட்டா போட்றாதீங்க.

எனக்கு நெஞ்சு பதறினது அடுத்த விசயத்துக்குத்தான். அவரு தோட்டா வைக்கிற அறைய அளந்தாரு, ரெண்டரை இஞ்சி, அதாவது 65 மில்லிமீட்டர்னு சொல்ற தோட்டாவுக்கு உள்ளது. நான் இவ்வளவு நாளா 70 மில்லிமீட்டர் தோட்டா போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்! தோட்டா நீளத்த வெடிச்சி வாய் விரிஞ்ச பிறகுதான் கணக்கு எடுக்கிறது, அதனால வெடிக்காத 70 தோட்டா 65 அறையில லேசா உள்ள போயிரும், ஆனா வெடிக்கிறப்ப விரிய எடம் இல்லாம அழுத்தம் ஏறும். உள்ள போகுதேன்னு நம்பாதீங்க, அளந்து பாருங்க.

பார்ட்ஸும் கடையில வாங்கி மாட்டுற மாதிரி இல்ல. அந்தக் காலத்துத் துவக்குல ஒவ்வொன்னையும் கையால ராவித்தான் சேர்த்திருக்காங்க, அதே மாதிரி இன்னொரு துவக்கோடது கெடச்சாலும் அப்பிடியே பொருந்தாது. ஒடஞ்ச துண்ட நல்லவேளை தொலைக்காம வச்சிருந்தேன், அத மாதிரி வச்சி புதுசு ராவி, பதம் ஏத்திக் குடுத்தாரு. எங்க டவுன் லேத்துல ஒருத்தரு சைக்கிள் கம்பியில செஞ்சி தாரேன்னாரு, குடுக்காதது எவ்வளவு நல்லதாப் போச்சு. முனை கூரா இருந்தா கேப்ப துளைச்சி சூடு கண்ணுக்கே வரும்.

இப்ப 65 தோட்டாதான், ரெண்டு பக்கமும் சரியா வெடிக்குது. இடது ஸ்ட்ரைக்கரும் தேஞ்சிருக்குன்னு அதுக்கும் ஒன்னு செஞ்சி வைக்கிறேன்னாரு, பொங்கல் முடிஞ்சி போய் எடுக்கணும்.