தெரியாத ஊரில் எந்தப் பகுதியில் தங்குவது? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நடைவண்டி:

மூன்று வருஷமாக இது மனதில் கிடக்கிறது, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். லிஸ்பன், அங்கே குன்றின் சரிவில் இருக்கும் பழைய பகுதியான அல்ஃபாமா. அங்கே பெட்டியோடு போனவர்களுக்கு இந்த இரண்டு பெயரே போதும்.

சாண்டா அப்போலோனியா மெட்ரோவிலிருந்து அறைக்கு 400 மீட்டர் என்று காட்டியது. அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. 400 மீட்டர்தானே, மெதுவாக நடந்துவிடலாம் என்று பதிவு செய்துவிட்டேன். அந்தத் தூரத்தில் பாதிக்கு மேல் படிக்கட்டு என்று எந்த வரைபடமும் சொல்லவில்லை. தூறல் வேறு. காலங்காலமாகக் கால் பட்டு வழவழப்பான கல். அம்மா ஒரு கையில் இரும்புக் கம்பியையும் மறு கையில் என் தோளையும் பிடித்துக்கொண்டு முப்பது படி ஏறியிருப்பார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "நீ போய் பெட்டியை வச்சிட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. ஒரு நிமிஷத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒரு பாட்டி வந்தார், அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கையில் மரநாற்காலி. படிகளுக்கு நடுவில் இருந்த சின்ன மேடையில் அதைப் போட்டார். கல் மேடும் பள்ளமுமாக இருந்ததால் ஒரு கால் ஆடியது. முந்தானைத் துணி மாதிரி இடுப்பில் கட்டியிருந்ததை அவிழ்த்து, நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தார். கையால் அழுத்திப் பார்த்தார். பிறகுதான் அம்மாவை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார்.

மறுநாள்தான் தெரிந்தது, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பைஷா பகுதி சமதளம். 1755 நிலநடுக்கத்தில் அது தரைமட்டமானபோது நேர்கோட்டுத் தெருக்களாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். அல்ஃபாமா பெருமளவு தப்பித்ததால் பழைய சந்தும் படியுமாக அப்படியே நிற்கிறது. இதை நான் புறப்படுவதற்கு முன்பே படித்திருக்கலாம்.

மேற்குக்காற்று:

எனக்கு தோக்கியோ. யமனோத்தே வட்ட ரயில் பாதைக்கு வெளியே, மேற்கே தள்ளி ஒரு அமைதியான குடியிருப்புப் பகுதியில் அறை எடுத்தோம். பகலில் அருமையான இடம். ஆனால் அவ்வளவு பெரிய ஊரில் ரயில் ராத்திரி முழுக்க ஓடும் என்று நினைத்துவிட்டேன். ஒரு மணி வாக்கில் எல்லாம் அடங்கிவிடும், மறுபடி நாலரை மணியை ஒட்டித்தான்.

ஷின்ஜுகு நிலையத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். 200க்கு மேல் வாசல். சரியான நடைமேடையைத் தேடியே இருபது நிமிஷம் போனது. என் மகள், அப்போது நாலு வயது, தோளில் தூங்கிவிட்டாள். கடைசியில் நுழைவாயிலைக் கண்டுபிடித்து ஓடினால், சீருடையில் இருந்த பெரியவர் ஒருவர் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டினார். பிறகு குனிந்து வணங்கினார். ஒரு வார்த்தை இல்லை. அவர் பின்னால் உலோகக் கதவு இறங்கிக்கொண்டிருந்தது.

டாக்ஸி வரிசையில் குளிரில் நின்றோம். மகளின் கால் ஷூ ஒன்று எங்கேயோ கழன்று விழுந்திருந்தது, சாக்ஸ் நனைந்திருந்தது. அதை என் உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டே நின்றேன். இப்போதும் அந்த ஈரம் கையில் இருக்கிற மாதிரி இருக்கிறது. தோக்கியோ போகிறவர்கள் அந்த வட்டத்துக்குள் தங்குங்கள், அவ்வளவுதான்.

பாலைக்குயில்:

நடைவண்டி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அல்ஃபாமாவில் தங்காதே என்று யாரும் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. நான் அங்கே ஐந்து நாள் இருந்தேன். விடிகாலையில் ஜன்னலைத் திறந்தால் கீழே கூரை கூரையாக இறங்கிப்போய் ஆறு தெரியும். எதிர்வீட்டில் துணி உலர்த்தும் கொடி என் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரம். அந்த வீட்டு அம்மா ஒவ்வொரு சட்டையையும் உதறும் சத்தத்தில்தான் எழுந்தேன். பைஷாவில் தங்கியிருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது. நீங்களே சொல்கிறீர்கள், நாற்காலி கொண்டுவந்த பாட்டி அந்தப் படிக்கட்டுத் தெருவில்தான் இருந்தார்.

ஈரமண்:

மேற்குக்காற்று, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்காதது ஒரு விஷயம், பகுதி சரியில்லை என்பது வேறு விஷயம். இரண்டையும் சேர்த்து "வட்டத்துக்குள் தங்குங்கள்" என்று முடித்துவிட்டீர்கள். போக்குவரத்து வசதிக்காகப் பெரிய நிலையத்தின் பக்கத்திலேயே தங்கியவன் நான். என் கதையையும் கேளுங்கள்.

பாரிஸ், கார் து நோர் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி. காகிதத்தில் பார்த்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி ரயில் நேராக அங்கே வருகிறது, லண்டனுக்கு யூரோஸ்டாரும் அங்கிருந்துதான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு நேர்காணல். அதற்காகத்தான் போயிருந்தேன்.

முதல் மாடி அறை, தெருவைப் பார்த்த ஜன்னல். நாலு மணிக்கு ஆரம்பித்தது. பெட்டிச் சக்கரம். கல் பாவிய நடைபாதையில் கடகடகடவென்று தூரத்திலிருந்து வரும், ஜன்னலுக்குக் கீழே வரும்போது உச்சத்துக்குப் போகும், தெருமுனையில் ஒரு தட்டு தட்டி அடங்கும். அடங்கியதும் அடுத்தது. ஒரு பெட்டிக்குச் சக்கரம் உடைந்திருந்தது, அது மூன்று தட்டு ஓர் இழுப்பு, மூன்று தட்டு ஓர் இழுப்பு என்று போனது. படுத்தபடி ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர் கேட்ட முதல் கேள்வியையே இரண்டாம் தடவை சொல்லச் சொன்னேன். அந்த வேலை கிடைக்கவில்லை. தூக்கம்தான் காரணமா, வேறு காரணமா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று தட்டு ஓர் இழுப்பு இன்னும் காதில் இருக்கிறது.

தனிவழி:

நீங்கள் எல்லோரும் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குச் சத்தமே இல்லாததுதான் பயத்தைக் கொடுத்தது.

லண்டன். தனியாகப் போனேன். அலுவலகங்கள் நிறைந்த சிட்டி பகுதியில், பேங்க் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை. படங்களில் கண்ணாடிக் கட்டடங்கள், வேகமாக நடக்கும் கூட்டம், எங்கே பார்த்தாலும் ஆள். பாதுகாப்பான இடம் என்று எடுத்துக்கொண்டேன். வாட்டர்லூவில் இறங்கினால் ஒரே நிறுத்தம் என்றும் கணக்குப் போட்டிருந்தேன். போய் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. வாட்டர்லூ அண்ட் சிட்டி பாதை ஞாயிறன்று ஓடாது. சுற்றிக்கொண்டு வேறு பாதையில் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது.

மேலே ஏறி வந்தால் ஒருவரும் இல்லை. உண்மையாகவே ஒருவரும் இல்லை. அந்தச் சிட்டி பகுதியில் வேலை செய்கிறவர்கள் 5 லட்சத்துக்கு மேல், குடியிருப்பவர்கள் மிகக் கொஞ்சம் பேர்தான். சனி ஞாயிறு வந்தால் ஊரே வற்றிவிடுகிறது. நான் பார்த்த படமெல்லாம் வேலை நாளில் எடுத்தது. என் செருப்புச் சத்தம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்து நின்றேன். நான் நின்றதும் அதுவும் நின்றது. அது என் சத்தம்தான் என்று புரிந்த பிறகும் திரும்பிப் பார்க்காமல் என்னால் நடக்க முடியவில்லை. எட்டு நிமிஷ நடை. ஒன்றும் நடக்கவில்லை, யாரும் எதுவும் செய்யவில்லை. ஆனால் அடுத்த நாலு நாளும் இருட்டுவதற்கு முன்னால் அறைக்குத் திரும்பிவிட்டேன். பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போன பாதி இடத்தைப் பார்க்காமலே வந்தேன்.

ஜன்னலில் விளக்கு எரிகிற தெருவா என்றுதான் இப்போது முதலில் பார்க்கிறேன். மேலே ஆள் குடியிருக்கிற தெரு என்றால் எனக்கு நடக்க முடியும்.

படகுத்துறை:

என் கதை சின்னது. வெனிஸ், கன்னரேஜியோ. அங்கே விலாசம் தெருப்பெயரில் வராது. அந்த ஊரின் ஆறு வட்டாரங்களில் எது என்பதும், அந்த வட்டாரம் முழுக்க ஓடும் வரிசையில் ஓர் எண்ணும்தான். எண் ஆயிரக்கணக்கில் போகும். இரவு பதினொன்றரைக்கு 2750களைப் பார்த்துக்கொண்டே போய், சந்து திரும்பியதும் 2900 வந்துவிட்டது. நடுவில் இருந்த எண்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, கடைசியில் கதவைத் தொட்டபோது மணி ஒன்று.

அதற்குப் பிறகு நான் எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில், "மையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் காக்கை பறக்கிற தூரம். நடுவில் ஆறு இருக்கலாம், ரயில் தண்டவாளம் இருக்கலாம், குன்று இருக்கலாம். கூகுள் மேப்பில் அந்த அறையிலிருந்து நிலையத்துக்கு நடைப்பாதை போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எத்தனை மீட்டர் ஏற்றம் என்றும் காட்டும். நடைவண்டி சொன்ன விஷயம் அதிலேயே தெரிந்திருக்கும். பிறகு ஸ்ட்ரீட் வியூவில் அந்த நடையை அங்குலம் அங்குலமாக நடந்து பாருங்கள். படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று மூலையில் போட்டிருக்கும். கடை ஷட்டர்களைப் பாருங்கள், நடைபாதை இருக்கிறதா பாருங்கள், தெருவிளக்குக் கம்பம் எங்கே என்று பாருங்கள்.

ரிவ்யூவில் ஐந்து நட்சத்திரத்தைப் படிக்கவே படிக்காதீர்கள். குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்களை எடுத்து, அவர்களில் மூன்று பேர் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர் சத்தம் என்றால் அது அவருடைய சுபாவமாக இருக்கலாம், மூன்று பேர் சொன்னால் சத்தம்தான். எந்த வாரக்கிழமை போகிறீர்களோ அந்தக் கிழமைக்கு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்களோ அந்த மணிக்கு, பயண நேரம் போட்டுப் பாருங்கள். மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பாரிஸில் பழைய நிலையங்கள் பலவற்றில் கிடையாது, ஆனால் 14ஆம் பாதை நிலையங்கள் எல்லாவற்றிலும் உண்டு. இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் தனித்தனியாக யோசியுங்கள். ஆறு நாள் தங்குகிறீர்கள் என்றால் கடைசி ராத்திரிக்கு மட்டும் வேறு இடம் எடுப்பதில் தப்பே இல்லை. அப்புறம், இரண்டு பேரின் ஆசை வேறு வேறாக இருந்தால்

மேற்குக்காற்று:

படகுத்துறை, பாதியில் நின்றுவிட்டது போல. நல்ல விஷயங்கள், ஆனால் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இத்தனையும் பார்த்துவிட்டுத்தான் நான் அந்தப் பகுதியை எடுத்தேன். நடைப்பாதை பார்த்தேன், ரிவ்யூ பார்த்தேன். எல்லாவற்றையும் பகல் நேரத்துக்குப் பார்த்தேன். ஈரமண் சொன்னது சரிதான், தப்பு பகுதியில் இல்லை. கோபத்தில் எழுதிவிட்டேன். ஆனால் நாலு வயதுக் குழந்தையோடு போகிறவர்களுக்கு இன்னும் அதையேதான் சொல்வேன்.

நீர்க்கோடு:

கிளம்பும் நாள் என்று படகுத்துறை சொன்னதால் எழுதுகிறேன். இஸ்தான்புல். ஐரோப்பியப் பக்கம் சுல்தானஹ்மத்தில் நாலு நாள் தங்கினோம், பார்க்க வேண்டியதெல்லாம் காலடியில். திரும்பும் விமானம் சபிஹா கோக்சென் விமான நிலையத்திலிருந்து. அது ஆசியப் பக்கம். விமானச் சீட்டில் ஊர் பெயர் ஒன்றுதானே போட்டிருக்கிறது.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருக்கும் பொஸ்பரஸ் நீரிணைப் பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டது. நாற்பது நிமிஷம். கீழே படகுகள் விளக்கைப் போட்டுக்கொண்டு இரண்டு கரைக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தன. ஒரே படகு மூன்று தடவை கடந்ததை நான் பார்த்தேன். என் கணவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கள் மாமனாருக்கு உடம்பு முடியாமல் அவசரமாகக் கிளம்பிய விமானம் அது. தவறவிட்டோம். அடுத்ததில் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு இல்லை.

இப்போது மெட்ரோ 2022இலிருந்து அந்த விமான நிலையம் வரைக்கும் போகிறது. கடலுக்கு அடியில் மர்மராய் ரயிலில் கடந்து அதைப் பிடித்துவிடலாம், பாலத்தை நம்ப வேண்டியதில்லை. போகிறவர்கள் தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நடைவண்டி:

நீர்க்கோடு, படித்துவிட்டு வெகுநேரம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பாலைக்குயில், நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் பார்த்த ஜன்னலும் நான் பார்த்த படியும் ஒரே தெருவாகக்கூட இருக்கலாம். தனியாகப் போயிருந்தால் நானும் அங்கேதான் தங்கியிருப்பேன். என் அம்மாவோடு போனேன், அம்மாவின் காலை வைத்து யோசிக்கவில்லை. என் உறுத்தல் அது ஒன்றுதான்.

நேற்று அம்மாவிடம் இங்கே எழுதியதைப் படித்துக் காட்டினேன். படி ஏறியதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "அந்தத் துணியைத் திருப்பிக் கொடுத்தோமா?" என்று கேட்டார். நாற்காலியை உள்ளே எடுத்து வைத்தது நினைவிருக்கிறது. துணி நினைவில்லை.