சலபதியை எங்கிருந்து தொடங்கலாம்?

வில்லிவாக்கம் வாசகி: பையனின் பள்ளிப் பேச்சுப்போட்டிக்காக வ.உ.சி. பற்றித் தேடினேன். கிடைத்ததெல்லாம் கப்பல், செக்கு, தியாகம். மனிதரைக் காணோம். வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதியைப் படியுங்கள் என்கிறார்கள். எதை முதலில்?

தரமணி மணி: ‘வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா’. சின்னப் புத்தகம், ஒரு ராத்திரியில் முடியும். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்காகத் திரட்டிய பணம் காந்தி கையில் இருந்தது. சிறையிலிருந்து வந்து சென்னையில் அரிசிக்கே திண்டாடிய மனிதர், அதைக் கேட்டுக் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறார். 1916இல்தான் கைக்கு வந்தது. யாரையும் வில்லனாக்காமல் அணா பைசா கணக்கோடு சொல்கிறார் சலபதி. எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை.

பழைய புத்தகக்காரன்: அப்புறம் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. 2024க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இதில் நாயகர் வ.உ.சி. மட்டுமல்ல, அவர் கைதானதும் தெருவில் இறங்கிய ஜனங்களும்தான். கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும், அடிக்குறிப்புகளைத் தாண்டிவிடாதீர்கள். பாதிக் கதை அங்கேதான். வ.உ.சி. கடிதங்களைத் தொகுத்து 1984இல் வெளியிட்டபோது சலபதிக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. நானெல்லாம் அந்த வயதில் மூர்மார்க்கெட்டில் கிரிக்கெட் படம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

வில்லிவாக்கம் வாசகி: சரி, 347 ரூபாயை வாங்கிவிட்டேன். பையன் கேட்கிறான்: “அம்மா, வட்டி கொடுத்தாங்களா?”

தரமணி மணி: பேச்சுப்போட்டியை இந்தக் கேள்வியில் தொடங்கச் சொல்லுங்கள் மேடம்!